ஓர் அழுத்தம் குறைவாக

இணையத்தில் அவளை எறும்பு என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயரை வைத்தவன் காக்கா. காக்கா எந்த ஊர், என்ன வயது என்று அவளுக்குத் தெரியாது. அவளைப் பற்றி அவனுக்கும் அவ்வளவுதான் தெரியும். ஒரு பழைய வீடியோ கேமை, தாவும் பட்டனை எவ்வளவு குறைவாக அழுத்தி முடிக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. இருவரும் அதில் இருந்தார்கள். அப்படி முடித்தால் யாரும் கோப்பை தரப்போவதில்லை. ஆனாலும் விடமாட்டார்கள்.

கேமில் வருபவன் ஒரு குட்டிக் கொல்லன். திருட்டுப்போன சுத்தியலைத் தேடி மலை, சுரங்கம், கோட்டை என்று அலைவான். சாதாரணமாக விளையாடுகிறவர்கள் ஆட்டம் முடிவதற்குள் அவனை ஆயிரக்கணக்கான தடவை தாவ வைப்பார்கள். இந்தக் கூட்டத்துக்குத் தாவல் என்றால் தோல்வி. வழியில் நிற்கும் ஆட்டின் தலையில் போய் முட்டினால் அது அவனைத் தூக்கி எறியும். அப்படி ஒரு தாவல் மிச்சம். வெடிக்குப் பக்கத்தில் சரியான கோணத்தில் நின்றால் எதிர்க்கரையில் போய் விழலாம். அங்கே இன்னொன்று மிச்சம். இப்படி ஒவ்வொன்றாகக் களைந்து, மொத்த ஆட்டத்துக்கும் மூன்றே அழுத்தம் என்ற இடத்தில் வந்து நின்றார்கள். இனி ஆகாது என்று எல்லாரும் கையை விரித்த பிறகுதான் எறும்பு அந்தத் தெப்பத்தைக் கவனித்தாள்.

உலைக்கோட்டை என்ற கட்டத்தில், உருகிய இரும்புக் குளத்தின் மேல் ஒரு தெப்பம் மிதக்கும். ஏறும், இறங்கும். அதிலிருந்து சுவரின் மேல் போக ஒரு தடவை தாவியே ஆக வேண்டும். ஆனால் அவளிடம் இருந்த, கேம் ஓட்டும் மிகப் பழைய கருவியில் மட்டும் ஒரு கோளாறு இருந்தது. ஏறுகிற அளவும் இறங்குகிற அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கருவி தசமக் கணக்கைச் சுருக்கும்போதெல்லாம் ஒரு துளி மேல்பக்கமாகவே தப்புச் செய்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தெப்பம் ஒரு மயிரிழை கூடுதல் உயரத்தில் நின்றுவிடும். பார்த்தால் தெரியாது. கேமை அணைக்காமல், இடையில் நிறுத்தாமல், மூன்று நாளுக்கு மேல் ஓடவிட்டால் தெப்பம் சுவரின் விளிம்புக்கே வந்துவிடும். அப்புறம் தாவ வேண்டியதில்லை. நடந்தே போகலாம்.

இதை அவள் எழுதினாள். காக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: "நீ மனுஷியே இல்ல. எறும்பு."

எறும்பு வேலை பார்த்தது பல் கட்டும் கூடம் ஒன்றில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மெழுகில் பல் செதுக்கி, பீங்கான் பூசி உலையில் சுட்டு அனுப்புவாள். காலையில் குனிந்தால் மாலையில்தான் நிமிர்வாள். வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். கணவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தான். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை. அப்புறம் "இந்தத் தடவை லீவு கிடைக்கல" என்று குரல் மட்டும் வந்தது. அவன் கப்பலை விட்டு இறங்கி வெகுநாளாகிவிட்டது, வேறொரு ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பதெல்லாம் அவனோடு வேலை பார்த்த ஒருவர் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது.

அன்றைக்கு மாமியார் தட்டில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "நான் எங்கேயும் போறதா இல்ல. உனக்கு பாரமா இருந்தா இப்பவே சொல்லிடு" என்றார். எறும்பு தன் தட்டையும் கழுவி அதன் பக்கத்தில் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு அவன் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

மாமியார் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் போகும் நோய். மூக்கில் எப்போதும் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் வெள்ளை மெஷின். அது இழுத்து இழுத்துச் சத்தம் போடும். "உன் மாமனார் குறட்டை அப்படியே இருக்கு. அந்த மனுஷன் போயும் எனக்கு நிம்மதி இல்ல" என்பார்.

முதல் தடவை தெப்பத்தை ஏறவிட்டபோது எறும்பு மாமியாரிடம் எதையும் விளக்கவில்லை. விளக்க என்ன இருக்கிறது? டிவியில் ஒரு குட்டி ஆள் ஏதோ ஒரு தூணுக்குப் பின்னால் நகராமல் நிற்பான். அதைத் தொடாதீங்க அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் டிவி இருட்டாக இருந்தது. கருவியும் அணைந்திருந்தது.

"ஆளே இல்லாத இடத்துல எதுக்கு ஓடணும்னு அணைச்சேன்" என்றார் மாமியார்.

எறும்பு கைப்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். மாமியார் பயந்து போனார்.

"என்னம்மா இது? அவன் போனப்போகூட நீ இப்படி அழலையே!"

அவன் பேச்சு அந்த வீட்டில் எழுந்தது அந்த ஒரு தடவைதான். எழுந்த வேகத்தில் அடங்கியும் விட்டது. ஆனால் அன்றைக்குத்தான் எறும்பு அவரை டிவி முன்னால் உட்கார வைத்து, தெப்பம், சுவர், மயிரிழை எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். கடைசியில் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது.

"எங்க காலத்துல நிமிஷத்துக்கு இத்தனை எழுத்து அடிக்கலேன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. நீ என்னடான்னா அடிக்காம இருக்கறதுக்குப் போட்டி போடறே! இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் முதல் ஆளா வந்திருப்பேனே."

அதிலிருந்து மாமியார் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். கோட்டைச் சுவரில் கீழிருந்து மேலாக வரிசையாக ஆணிகள் அடித்திருக்கும். தெப்பத்தின் விளிம்பு எந்த ஆணியை மறைக்கிறது என்பதை வைத்து உயரம் கணக்கிடுவார். எறும்பு கூடத்தில் இருக்கும்போது போன் வரும். "ஏய் எறும்பு! மூணாவது ஆணி முழுங்கியாச்சு." காக்காவுக்கும் அந்தச் செய்தி போகும். அவன் அவருக்கு ஆணி அத்தை என்று பெயர் வைத்தான். மாமியாருக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

இரண்டாம் தடவை கருவியே சூடேறி உறைந்து நின்றுவிட்டது. எறும்பு அதைப் பிரித்துத் தூசி தட்டினாள். கூடத்தில் பீங்கான் பூசும் பொடித் தூரிகையால் உள்ளே எல்லாம் துடைத்தாள். மறுபடி ஓடியது, ஆனால் கருகின பிளாஸ்டிக் வாடை லேசாக வந்துகொண்டே இருந்தது. இன்னொரு முறை தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. மாமியாருக்கும் மூச்சு முன்பைவிட மோசமாகியிருந்தது. குளியலறைக்குப் போய் வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, எறும்பை மட்டும் வெளியே அழைத்து, "இனிமே நல்லபடியா இருக்கிற ஒவ்வொரு நாளும் லாபம்னு வெச்சுக்குங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "என்ன சொன்னார்னு சொல்ல வேணாம். தெப்பத்தை ஏத்து. நான் பாக்கணும்" என்றார்.

அப்படித்தான் மூன்றாம் தடவை ஆரம்பித்தது.

வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. பேட்டரி பழசு. ஆக்ஸிஜன் மெஷின், டிவி, கேம் மூன்றையும் சேர்த்து வெகுநேரம் இழுக்காது. எறும்பு மாமியாரிடம் பிளக்குகளைத் தனித்தனியாகக் காட்டிச் சொன்னாள்: "கரண்ட் போச்சுன்னா முதல்ல இதைப் பிடுங்கிடுங்க. கறுப்பு. கேமோடது. வெள்ளையைத் தொடவே கூடாது."

"தெரியும் போ. நான் என்ன பச்சைக் குழந்தையா?"

அவசரத்துக்கென்று ஒரு சிறிய சிலிண்டரும் கட்டிலடியில் இருந்தது. அதன் முள் கிட்டத்தட்ட அடிக்கு வந்திருந்தது. நிரப்பித் தரும் இடம் ஊரின் மறுகோடியில். போய் வந்தால் விடுமுறை நாள் முழுக்கப் போய்விடும். தெப்பம் ஏறி முடியட்டும், மறுநாளே போய்விடலாம் என்று எறும்பு தள்ளிப்போட்டாள்.

தெப்பத்தின் நடுவில் ஒரு தூண் இருந்தது. கொல்லனை அதன் பின்னால் ஒட்டி நிறுத்தினால் தெறிக்கிற நெருப்பு படாது. கன்ட்ரோலரின் குச்சியை அந்தப் பக்கமாகச் சாய்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். திரையில் ஓடுவது நேரலையாகப் போனது. காக்காவும் வேறு சிலரும் தங்கள் வேலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் போனது. இரண்டாம் நாள் போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நாள் காலையில் எறும்பு கிளம்பும்போது கடைசி ஆணியின் கால்வாசி மறைந்திருந்தது.

"லீவு போட்டா என்ன?" என்றார் மாமியார்.

"போன வாரமே போட்டாச்சு அத்தை. இன்னிக்குப் போகலேன்னா மேலதிகாரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். சாயங்காலம் வந்து கொல்லனை நடத்திடலாம். அதுக்குள்ள சரியா வந்திருக்கும்."

மத்தியானம் கூடத்தில் விளக்குகள் அணைந்தன. உலை விசிறி நின்றது. ஜெனரேட்டர் உறுமி மறுபடி எல்லாம் எரிந்தபோது, ஜன்னலோரம் இருந்தவன், "தெரு முழுக்க இல்லப்பா. எங்கேயோ டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருக்காம்" என்றான். எறும்பு அப்போதே போனை எடுத்தாள்.

"அத்தை, அங்கே கரண்ட் இருக்கா?"

"இல்ல. பேட்டரில ஓடுது." குரல் தெளிவாகத்தான் இருந்தது. "கடைசி ஆணி பாதிக்கு மேல போயிடுச்சு."

"கேமைப் பிடுங்குங்க."

போனில் மெஷினின் குறட்டை மட்டும் கேட்டது.

"அத்தை, காதுல விழுதா? கறுப்பு பிளக். பிடுங்குங்க இப்பவே."

"சரி சரி. வேலையைப் பாரு" என்று மாமியார் போனை வைத்துவிட்டார்.

அந்தச் "சரி சரி" எறும்புக்குப் பிடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நேரலையைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது. திறந்தாள். கொல்லன் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தெப்பம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கேமை யாரும் பிடுங்கவில்லை.

பாதி செதுக்கிய மெழுகுப் பல்லை மேசையில் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடினாள். தெருவில் சிக்னல் எதுவும் எரியவில்லை. வண்டிகள் நாலா பக்கமும் மூக்கை நுழைத்து முட்டிக்கொண்டு நின்றன. ஏறின ஆட்டோ பாலத்துக்கு முன்னால் அசையவே இல்லை. இறங்கி ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. கழற்றிக் கையில் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் அதையும் எறிந்தாள். ஓடும்போதே போன் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை. கடவுளே கடவுளே என்று வாய் முணுமுணுத்தது. ஆனால் தான் என்ன கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கேட்டாள். அதற்குப் பின்னாலேயே, ஒட்டிக்கொண்டு, தெப்பமும் நிற்கக்கூடாது என்று இன்னொன்று வந்தது. அதை விரட்டினாள். அது போகவில்லை.

லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி. கைப்பிடியைப் பிடித்துத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறினாள்.

கதவைத் திறந்தாள். குறட்டைச் சத்தம் இல்லை. இன்வெர்ட்டர் மட்டும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

மாமியார் ஜன்னலோரம் நாற்காலியில் முன்பக்கம் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. மெஷின்தான் அணைந்து கிடந்தது. வெள்ளை பிளக் தரையில் கிடந்தது. டிவியில் கேம் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை! யாரு பிடுங்கினது இதை?"

மாமியார் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு டிவியைக் காட்டினார்.

"வந்துடுச்சு... போ... நடத்து."

"முதல்ல மெஷினை மாட்டறேன்."

"மாட்டினா... ரெண்டும் நின்னுடும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு முழு மூச்சு இழுத்தார். "நடத்திட்டு... மாட்டு. போம்மா."

எறும்பு பிளக்கைக் கையில் எடுத்தாள். சுவிட்ச் பலகை கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. பேட்டரி கடைசி மூச்சில் இருந்தது, மெஷினை மாட்டியிருந்தால் சுமை தாங்காமல் எல்லாமே அணைந்திருக்கலாம் என்பதெல்லாம் பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த நேரத்தில் அவள் அப்படி எதையும் யோசிக்கவில்லை. திரும்பி டிவியைப் பார்த்தாள். தெப்பத்தின் விளிம்பு சுவரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கடைசி ஆணி போய்விட்டது. அதன் தலையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வளைவு மட்டும் தெரிந்தது. அதுவும் மறைய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

பிளக்கைக் கீழே வைத்தாள். கன்ட்ரோலரை எடுத்தாள்.

ரப்பர் பேண்டை அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். குச்சியை விட்டதும் கொல்லன் தூணை விட்டு விலகி நின்றான். பின்னால் மூச்சுச் சத்தம். விசில் ஊதுவதுபோல, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவள் திரும்பவில்லை. தெப்பம் இறங்கியது. ஏறியது. உச்சியில் வந்து நின்றபோது குச்சியை முன்னால் தள்ளினாள்.

கொல்லன் நடந்தான். சுவரின் விளிம்பில் காலை வைக்கப்போனவன் முட்டினான். கால் வழுக்கியது. கைகளை ஆட்டிக்கொண்டு தெப்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் இறங்கி, இரும்புக் குளத்தில் விழுந்து, கறுப்பாகப் புகைந்தான். கட்டத்தின் ஆரம்பத்தில் மறுபடி முளைத்தான். தெப்பம் தன் பழைய இடத்துக்குப் போய், அடியில் மிதந்தது.

"ஐயோ" என்றார் மாமியார். அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

எறும்பு கறுப்பு பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். வெள்ளையை மாட்டினாள். மெஷின் இருமி, உறுமி, குறட்டை விட ஆரம்பித்தது. "இழுங்க அத்தை, மூக்கால இழுங்க, மெதுவா" என்று அவர் முதுகைத் தடவினாள். மாமியாரின் தலை அவள் வயிற்றில் சாய்ந்தது. முதுகு நனைந்து சில்லிட்டிருந்தது. நாலைந்து மூச்சு நன்றாகப் போனது. பிறகு இன்வெர்ட்டர் நீளமாக ஒரு கத்து கத்திவிட்டு அடங்கியது. மெஷினும் நின்றது.

சிலிண்டரை இழுத்து வந்து குழாயை மாற்றினாள். திறந்ததும் லேசாகச் சீறியது. முள் அடியில் படுத்துவிட்டது. எறும்பு வாசலுக்கு ஓடி எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். சாப்பாட்டுக் கையோடு வந்தவர் மாமியாரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "நாற்காலியோட தூக்கு" என்றார். அவர் மேல்பக்கம், எறும்பு கீழ்ப்பக்கம். ஐந்து மாடி இறங்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மாமியாரின் கால் சுவரில் இடித்தது. அவர் வலி என்று சொல்லவில்லை. மூன்றாம் மாடிக்குக் கீழே அவர் கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. எறும்பு, "அத்தை, என்னைப் பாருங்க, இங்கே பாருங்க" என்று கத்திக்கொண்டே பின்னோக்கி இறங்கினாள்.

குட்டி நாற்காலிகளும் ஒட்டுப்படங்களுமாக இருந்த அந்த வேனில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள்.

உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு இளம் மருத்துவர் வெளியே வந்தார். "எவ்வளவு நேரம் ஆக்ஸிஜன் இல்லாம இருந்தாங்க?"

"கரண்ட் போச்சு" என்றாள் எறும்பு.

"அது சரி. நீங்க போய்ப் பாத்ததுக்கு அப்புறம் எவ்வளவு நேரம்?"

"தெரியல."

மருத்துவர் அவளுடைய வெறும் காலைப் பார்த்தார். காலில் ரத்தம் இருந்தது. வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. நேரலையைப் பார்த்தவர்கள். "ஏன்? ஏன் இப்பவே போன?" "ஆணி இன்னும் தெரிஞ்சுதே!" "இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா என்ன?" கடைசியில் காக்கா: "எறும்பு, நீயா இப்படி அவசரப்பட்டே? நம்பவே முடியல. ஆணி அத்தை திட்டியிருப்பாங்களே." அவள் பதில் எழுத ஆரம்பித்தாள். எழுத்துகள் கலங்கின. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மாமியார் பிழைத்தார். ஆனால் உள்ளே போனவர் அப்படியே திரும்பி வரவில்லை. இடது கை சரியாக எழவில்லை. சொற்கள் சில நேரம் வழிமாறி வந்தன. தண்ணீர் கேட்க வேண்டிய இடத்தில் ஜன்னல் கேட்டார். கேட்டுவிட்டு, தப்பு என்று தெரிந்து, கண்ணை மூடிக்கொள்வார். எறும்பு தண்ணீரை எடுத்து வந்து அவர் வாயருகே பிடிப்பாள்.

மகனுக்குத் தகவல் சொன்னது வேன்காரர். அவன் வந்தான். உடம்பு போட்டிருந்தான், புதுச் சட்டை. எறும்பைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "நீ எங்கே இருந்தே?"

"வேலைல."

"வந்து பாத்தப்போ அம்மா எப்படி இருந்தாங்க? எதுக்கு இவ்வளவு லேட்டு? அந்த கேம் எழவு சத்தம் கேட்டுட்டே இருந்துதாமே, எதிர்வீட்டுக்காரர் சொன்னார். கேம் ஓடறப்போ மெஷின் எப்படி நின்னுச்சு?"

எறும்பு வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் திறந்தாள். கட்டிலிலிருந்து மாமியார் நல்ல கையைத் தூக்கினார்.

"நான் தெரியாம... மாத்திப் பிடுங்கிட்டேன். அவ வந்தா. வந்ததும் மாட்டிட்டா." நின்று மூச்சு வாங்கினார். "அவ இல்லேன்னா நான் இல்ல."

அவன் இரண்டு நாள் இருந்தான். அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகிறேன் என்று ஒரு தடவை சொன்னான். மாமியார் தலையை ஆட்டியதும், வற்புறுத்தாமல், விட்டால் போதும் என்பதுபோல் கிளம்பிப் போனான்.

அவன் போன பிறகு எறும்பு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் வந்ததும் மாட்டல."

மாமியார் அவளையே பார்த்தார்.

"பிளக்கைக் கைல எடுத்தேன். எடுத்துட்டுக் கீழே வெச்சுட்டு விளையாடினேன்."

"மூச்சுதான் போச்சு. கண்ணா போச்சு? பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"உண்மையைக் கேக்கறதுக்கு அவன் யாரு?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரின் உதடு அசைந்தது. சொல் சரியாக வருகிறதா என்று உள்ளேயே பார்த்துக்கொள்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நான்தான் கேட்டேன். நீ நடத்தணும்னு உசிரை விட்டுக் கேட்டேன். ஆனா... நீ என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதும்மா." அவர் கண்ணிலிருந்து காதுப்பக்கமாக நீர் இறங்கியது. "நீ திரும்பிப் பாப்பேன்னு நெனச்சேன். ஒரு தடவையாவது."

எறும்பு அவர் கையைப் பிடித்தாள். பிடிக்க விட்டார். ஆனால் அந்தக் கை திரும்பிப் பிடிக்கவில்லை. எழாத கை அது என்பது அவளுக்குச் சற்றுப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்காகத்தான் பிடிக்கவில்லையா, வேறெதற்காகவா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் எறும்பு புதுப் பேட்டரி வாங்கி வைத்தாள். இரண்டு பெரிய சிலிண்டர்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கூடத்தில் அரைநாள் வேலை கேட்டாள். மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். வேலையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அவள் காது அந்தக் குறட்டைச் சத்தத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. கேட்டாலும் நம்பாமல் எழுந்துபோய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பாள். மாமியார் பார்க்காத மாதிரி இருப்பார். இருவரும் ஒருவருக்கொருவர் மிகவும் பதவிசாக நடந்துகொண்டார்கள். மருந்து சாப்டீங்களா, சாப்டேன். நீ சாப்டியா, சாப்டேன். கேலி எதுவும் இல்லை. எறும்பு என்று அவர் அவளை மறுபடி கூப்பிடவில்லை.

ஒருநாள் அவள் காக்காவுக்கு எழுதினாள். நடந்ததை ஒன்றும் எழுதவில்லை. "உன் முகவரியை அனுப்பு. என் கருவியை அனுப்பறேன். இன்னும் ஒரு தடவை தாங்கினாலும் தாங்கும்."

"உனக்கு வேணாமா? இது உன்னோட தெப்பம்."

"வேணாம்."

காக்கா அதற்குமேல் கேட்கவில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல் என்று மட்டும் எழுதினான்.

சனிக்கிழமை காலையில் எறும்பு கூடத்தில் இருந்து கொண்டுவந்த பஞ்சையும் பழைய துண்டையும் வைத்துக் கருவியைச் சுற்றினாள். அட்டைப்பெட்டியில் இறக்கி, மூலைகளில் காகிதம் திணித்து, டேப்பை இழுத்து ஒட்டினாள். மாமியார் கட்டிலில் சாய்ந்தபடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என எறும்பு காத்திருந்தாள். சொன்னால் பிரித்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். டேப்பின் கடைசிச் சுற்றை வேண்டுமென்றே மெதுவாக ஒட்டினாள்.

எதிர்வீட்டுக்காரரின் மனைவியை உட்கார வைத்துவிட்டுத் தபால் நிலையம் போனாள். திரும்பி வந்தபோது மாமியார் விழித்திருந்தார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு அத்தை."

"உடையாம... கட்டினியா?"

"நல்லாக் கட்டினேன்."

மாமியார் தலையசைத்தார். பிறகு குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டு, மெல்ல, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார். எறும்பு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.